மருந்தின் பெயரைக் கேட்காமல் விட்ட பதினான்கு மாதங்கள்

காலையில் எழுந்து போர்வையை உதறி மடிப்பதற்குள் தும்மல் தொடங்கிவிடும். ஒன்றிரண்டு இல்லை, இருபது முப்பது. மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டும். மேலண்ணத்தில் ஒரு நமைச்சல் வரும், நாக்கால் தேய்த்துத் தேய்த்து அடக்கப் பார்ப்பேன். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் அடங்கும். ராத்திரி தலையணையில் தலை வைத்ததும் மூக்கு மறுபடி அடைத்துக்கொள்ளும். எனக்கு இது ஆரம்பித்தது 26 வயதில். சரியான சிகிச்சைக்கு வந்து சேர்ந்தபோது 37. நடுவில் போன 11 வருடத்தில் ஆங்கில மருந்து, மாற்று மருந்து, யாரோ சொன்ன மருந்து என்று எல்லாம் பார்த்துவிட்டேன். அதில் ஒன்று என்னை அவசர சிகிச்சைப் பிரிவு வரைக்கும் கொண்டுபோய் விட்டது. இதில் அடிபட்ட ஒருவர் அன்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி வருடங்களாவது மிஞ்சியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் இரண்டு மூன்று வருடம் நானும் சரி, பார்த்த டாக்டர்களும் சரி, இதைச் சளி என்றே எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக். தானாகவே அடங்குகிற நாட்களில் மருந்து கேட்டது என்று நினைத்துக்கொள்வேன். சளி ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். கூடவே காய்ச்சல், உடம்புவலி இருக்கும். மாதக்கணக்கில் தொடர்கிற தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு என்றால் அது அலர்ஜியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இந்த ஒரு வித்தியாசம் தெரிய எனக்கு மூன்று வருடம் ஆனது. அதற்கப்புறம் கிடைத்த 'அலர்ஜி மாத்திரை' குளோர்பெனிரமின். தும்மல் குறைந்தது உண்மை. ஆனால் மத்தியானம் வேலை நேரத்தில் கண் செருகும், ஒரு பக்கத்தை மூன்று தடவை படித்தாலும் மனதில் நிற்காது. சோம்பேறி என்று பெயர் வாங்கினேன், அதை நானும் நம்பினேன். இந்தப் பழைய வகை மாத்திரைகள் மூளைக்குள்ளும் போகிறவை. செட்டிரிசின், லோரடாடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற அடுத்த தலைமுறை மாத்திரைகளில் தூக்கம் மிகவும் குறைவு, செட்டிரிசின் மட்டும் சிலருக்குக் கொஞ்சம் தூக்கம் தரும். ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாறோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது, தண்ணீரோடுதான் சாப்பிட வேண்டும். மாத்திரை சாப்பிட்டுத் தூக்கம் வந்தால் பொறுத்துக்கொண்டு போகாதீர்கள், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

தும்மலுக்கு மாத்திரை கேட்டது, மூக்கடைப்புக்குக் கேட்கவில்லை. அப்போது வந்தது அந்தச் சின்ன பாட்டில், அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்து. விட்ட ஐந்தாவது நிமிடம் மூக்கு திறந்துவிடும். அந்தச் சுகத்தை எழுத்தில் சொல்ல முடியாது. சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் வகைச் சொட்டுகளை மூன்று முதல் ஐந்து நாளைக்கு மேல் விடக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் இரண்டு வருடம் விட்டேன். தலையணைக்கடியில் ஒன்று, கைப்பையில் ஒன்று, வேலை பார்க்கும் இடத்தில் ஒன்று. மருந்தின் வேகம் குறையும்போது மூக்குக்குள் இருக்கும் ரத்தக்குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கும், அதற்கு மறுபடி சொட்டு, அப்புறம் இன்னும் வீக்கம். கடைசியில் அலர்ஜியால் அடைத்ததா, மருந்தால் அடைத்ததா என்றே பிரித்துச் சொல்ல முடியாத நிலை வந்தது. பின்னால் ஒரு டாக்டர் சொல்லித்தந்த வழியில்தான் அந்தச் சொட்டுப் பழக்கத்தை நிறுத்தினேன். முதலில் ஒரு பக்க மூக்குக்கு மட்டும் சொட்டை நிறுத்தி, அந்தப் பக்கம் சுவாசம் வந்ததும் மறுபக்கத்தையும் நிறுத்த வேண்டும். கூடவே ஸ்டீராய்டு ஸ்பிரே. முதல் வாரம் நரகம். ஆனால் முடிந்தது.

அந்த ஸ்டீராய்டு ஸ்பிரே எனக்குப் பல வருடம் முன்பே எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. நாலே நாள் அடித்தேன். மூக்கில் ரத்தம் வந்தது. பெட்டியில் 'ஸ்டீராய்டு' என்ற வார்த்தை வேறு பயமுறுத்தியது, தூக்கிப் போட்டுவிட்டேன். ஸ்பிரேயை எப்படி அடிப்பது என்று ஒரு நிமிடம் யாராவது காட்டியிருந்தால் அதற்கப்புறம் நடந்த எதுவுமே நடந்திருக்காது என்று எனக்குத் தோன்றும். தலையை அண்ணாந்துகொண்டு, மூக்கின் நடுத்தண்டைப் பார்த்து அடித்து, 'சர்'ரென்று உறிஞ்சிக்கொண்டிருந்தேன். மருந்து நேராகத் தொண்டைக்குப் போனது, நடுத்தண்டு காய்ந்து ரத்தம் கசிந்தது. தலையைக் கொஞ்சம் முன்னால் குனிய வேண்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை வெளிப்பக்கமாக, கண்ணின் ஓரத்தைப் பார்த்த மாதிரி இருக்க வேண்டும். அடித்துவிட்டு மெதுவாக, பூவை முகர்வது போல இழுத்தால் போதும். இது தினமும் அடிக்க வேண்டிய மருந்து. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். சொட்டு மருந்து மாதிரி ஐந்து நிமிடத்தில் வேலை செய்யும் என்று எதிர்பார்த்து நாலாம் நாள் நிறுத்தியது என் தப்பு. அதைச் சொல்லாமல் விட்டது எழுதிக் கொடுத்தவரின் தப்பு.

இப்படி மனசு விட்டுப்போய்த்தான் மாற்று வைத்தியம் பக்கம் திரும்பினேன். அங்கே போகிறவர்களை முட்டாள்கள் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். ஒரு ஹோமியோபதி மருத்துவர் முதல் நாளே ஒன்றரை மணி நேரம் என்னோடு பேசினார். எப்போது தும்மல் வரும், எந்தப் பக்கம் படுத்தால் அடைக்கும், என்ன கனவு வரும் என்றெல்லாம் கேட்டார். அதற்கு முன் என்னை ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். எட்டு மாதம் வெள்ளை உருண்டைகள் சாப்பிட்டேன், தும்மல் அப்படியே இருந்தது. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015இல் இருக்கிற ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, ஹோமியோபதி பலன் தருகிறது என்று நம்பகமான ஆதாரமுள்ள நோய் எதுவும் இல்லை என்று சொல்லியிருந்ததைப் பிறகுதான் படித்தேன். அக்குபஞ்சர் பத்துப் பன்னிரண்டு முறை போனேன், அன்றைக்கு மட்டும் மூச்சு லேசாக இருக்கும். ஜெர்மனியில் மகரந்த அலர்ஜிக்காரர்கள் 422 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அதிலும் கொஞ்சம் பலன் தெரிந்தது, சில வாரத்தில் வித்தியாசம் மறைந்துவிட்டது. என் அனுபவமும் கிட்டத்தட்ட அதுதான். தேன் சாப்பிடு, மகரந்தம் பழகிவிடும் என்றார்கள். மூக்கைத் தொந்தரவு செய்வது பெரும்பாலும் காற்றில் பறக்கும் மகரந்தம். தேனீ கொண்டுவருவது பூவின் கனமான மகரந்தம், அது வேறு. தேனீப் பொருட்களிலேயே ராயல் ஜெல்லி, தேனீ மகரந்தம் போன்றவற்றைச் சாப்பிட்டு அலர்ஜிக்காரர்களுக்கு மூச்சுத் திணறி உயிராபத்து வந்த சம்பவங்கள் உண்டு. 'இயற்கைதானே' என்று கைவைக்காதீர்கள்.

பணத்தையும் நிம்மதியையும் அதிகம் பறித்தது ஒரு ரத்தப் பரிசோதனை. ஒரே ஊசியில் நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகள், வண்ண வண்ணமாக அச்சடித்த அறிக்கை. சிவப்பில் இருந்தவை முப்பதுக்கும் மேல், அத்தனையையும் நிறுத்தினேன். ஐந்து மாதத்தில் எடை குறைந்து, முடி கொட்டி, யார் வீட்டுக்கும் சாப்பிடப் போக முடியாமல் ஆனேன். தும்மல் மட்டும் நிற்கவில்லை. அந்தப் பரிசோதனை பார்த்தது ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி (IgG) என்ற எதிர்ப்புப் பொருளை. அது நாம் எதைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதற்கான தடயம், அலர்ஜிக்கான அடையாளம் இல்லை. உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் சங்கம் 2008லேயே சொல்லிவிட்டது. அலர்ஜியில் பார்க்க வேண்டியது ஐஜிஇ (IgE) என்ற வேறொரு எதிர்ப்புப் பொருளை. அறிக்கை கையில் வந்தால் முதலில் அந்த மூன்றாவது எழுத்தைப் பாருங்கள்.

எட்டாவது வருடத்தில் ராத்திரியில் இளைப்பும் சேர்ந்துகொண்டது. நெஞ்சில் பூனைக்குட்டி படுத்திருப்பது போல ஒரு சத்தம். இன்ஹேலர் கொடுத்தார்கள், வேண்டாவெறுப்பாக எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் தெரிந்தவர் ஒருவர் மூலம் அந்தப் பொடி வந்தது. வெள்ளைக் காகிதத்தில் மடித்த பொட்டலங்கள், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பெயர் கிடையாது, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்காது. கேட்டதற்கு, "முழுக்க இயற்கைதான், பரம்பரைக் குறிப்பு, வெளியே சொல்லக்கூடாதும்மா" என்றார் கொடுத்தவர். மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோது தும்மல் இல்லை. இரண்டு மூக்கிலும் காற்று போய்வந்தது. சோப்பு நுரையின் வாசனை தெரிந்தது. எத்தனை வருடம் கழித்து! குளியலறையில் நின்றுகொண்டு சோப்பை முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதனால்தான் அடுத்து வந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. இன்ஹேலரை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். என் மாதிரி அவதிப்பட்ட இரண்டு பேருக்கு அதே பொடியை நானே வாங்கிக் கொடுத்தேன். இதில் எனக்கு இன்றும் மனசு ஆறாத இடம் இதுதான்.

நாலாவது மாதம் பசி தாங்க முடியாமல் போனது. அப்புறம் முகம் உருண்டையானது, கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது, கை கால் மட்டும் மெலிந்துகொண்டே வந்தது. லேசாக இடித்தாலும் தோலில் ஊதாத் திட்டு. மோதிரம் கழலவில்லை. ராத்திரி தூக்கம் வராமல் அலமாரிகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். "அக்கா, உன் மூஞ்சி ஏன் இப்படி உப்பியிருக்கு? இது நல்ல சதை மாதிரி தெரியலையே" என்று தங்கை இரண்டு மூன்று தடவை கேட்டாள். மூச்சு நன்றாக இருப்பதால் உடம்பு தேறுகிறது என்று சொல்லிவிட்டேன். பதினான்காவது மாதத்தில் பொடி கொடுத்தவர் போனை எடுப்பதை நிறுத்தினார். கையிருப்பில் இரண்டு பொட்டலம் மட்டும் எதற்கோ பையில் மிச்சம் வைத்திருந்தேன். நிறுத்தி ஐந்தாவது நாள் படியேற முடியவில்லை. ஆறாவது நாள் வாந்தி. ஏழாவது நாள் காலை கட்டிலை விட்டு எழுந்தவள் அப்படியே விழுந்தேன். விழித்தபோது கையில் சலைன் ஊசி, ரத்த அழுத்தம் அடிமட்டத்தில்.

"என்ன மருந்தும்மா சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார். "மருந்து எதுவும் இல்ல டாக்டர்" என்றேன். பொய் சொல்லவில்லை. என் மனதில் அந்தப் பொடி மருந்துக் கணக்கிலேயே இல்லை. தங்கைதான் என் பையைத் திறந்து அந்த இரண்டு பொட்டலத்தையும் எடுத்து மேசையில் வைத்தாள். டாக்டர் பொட்டலத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுநாள் காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்து கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கச் சொன்னார். அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று வந்தது. பொட்டலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் டெக்ஸாமெத்தசோன் இருந்தது தெரிந்தது. வீரியமான ஸ்டீராய்டு.

சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி மாதிரி அட்ரினல் சுரப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. உடம்புக்கு வேண்டிய கார்டிசாலை அவைதான் சுரக்கின்றன. வெளியிலிருந்து தினமும் ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், நமக்கு இனி வேலையில்லை என்று அவை தூங்கிவிடும். திடீரென்று வெளி வரத்து நின்றால் உடனே விழிக்காது. அந்த இடைவெளியில்தான் நான் விழுந்தேன். கார்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, என் சுரப்பிகள் மறுபடி எழுந்துகொள்ள ஒன்பது மாதம் ஆனது. அதுவரை, காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், வாந்தியில் மாத்திரை வெளியே வந்தால் ஊசிக்கு ஓட வேண்டும், ஸ்டீராய்டு எடுக்கிறேன் என்று எழுதிய அட்டையைக் கூடவே வைத்திருக்க வேண்டும். சம்பளமில்லாத விடுப்பு, சேமிப்பு எல்லாம் கரைந்தது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நான் பயந்து தூக்கிப் போட்ட மூக்கு ஸ்பிரேயில், மொமெட்டசோன் என்றால், ஒரு நாளுக்கு 200 மைக்ரோகிராம். அதிலும் ரத்தத்தில் கலப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்டீராய்டுக்குப் பயந்தவள், ஸ்டீராய்டையே பதினான்கு மாதம் வேளை தவறாமல் விழுங்கியிருக்கிறேன்.

என் கதை அபூர்வமானது இல்லை. 1999இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வொன்றில், தோல் நோய்களுக்கென்று கொடுக்கப்பட்ட 11 மூலிகைக் கிரீம்களைச் சோதித்ததில் எட்டில் டெக்ஸாமெத்தசோன் இருந்தது, என் பொடியில் இருந்த அதே மருந்து. குழந்தையின் முகத்து அரிப்புக்கு இரண்டே நாளில் கேட்கிற பெயரில்லாத களிம்பு கிடைத்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது யாரிடம் எந்த மருந்து வாங்கினாலும், அது எந்த முறையாக இருந்தாலும், மூன்று கேள்வி கேட்கிறேன்: இதன் பெயர் என்ன, இதில் என்ன இருக்கிறது, நிறுத்த வேண்டுமென்றால் எப்படி நிறுத்துவது. எழுதிக் கொடுக்க முடியாது என்றால் வாங்குவதில்லை. தீராத நோய்க்கு மூன்று நாளில் மாயம் போலக் குணம் தெரிந்தால், அதுவே சந்தேகப்பட வேண்டிய நேரம்.

மாற்று வழி என்று நான் கற்றுக்கொண்டதில் இன்றும் விடாமல் செய்வது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. என் டாக்டரும் இதை ஆதரிக்கிறார். ஸ்பிரே அடிப்பதற்கு முன் கழுவினால் மருந்து சரியான இடத்தில் படுகிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். அமெரிக்காவின் லூசியானாவில் 2011இல் குழாய்த்தண்ணீரை அப்படியே ஊற்றிக் கழுவிய இரண்டு பேர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்துபோனார்கள்.

சுரப்பி தேறிய பிறகு அலர்ஜி மருத்துவர் தோல் பரிசோதனை செய்தார். அதற்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொன்னார், இல்லையென்றால் முடிவு தப்பாக வரும். முன்கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு. ஒவ்வொரு சொட்டின் வழியாகவும் ஒரு சின்னக் குத்து. "சொறியாதீங்கம்மா, பதினஞ்சு நிமிஷம்தான்" என்று நர்ஸ் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். உணவுச் சொட்டுகள் வைத்த இடமெல்லாம் அப்படியே இருந்தது. ஏழாம் எண் மட்டும் கொசுக்கடி மாதிரி வெளுத்துத் தடித்து, சுற்றிலும் சிவந்து, நான் பார்க்கப் பார்க்கப் பெரிதானது. தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாத, நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று தலையணையிலும் மெத்தையிலும் போர்வையிலும் வாழ்கிற பூச்சி. 11 வருடம் தினமும் காலையில் போர்வையை உதறும்போது தும்மியிருக்கிறேன், தலையணையில் தலை வைத்ததும் மூக்கு அடைத்திருக்கிறது. பதில் அங்கேயேதான் இருந்திருக்கிறது. இப்போது உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறேன், மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த உறை போட்டிருக்கிறேன், படுக்கையறையில் ஈரப்பதம் சேரவிடுவதில்லை. இவை துணைக்குத்தான். இவற்றை மட்டும் நம்பி மருந்தை விட முடியாது.

பூச்சியின் சாரத்தையே துளித்துளியாக உடம்புக்குப் பழக்குகிற ஊசியைத் தொடங்கி இரண்டு வருடம் முடிந்துவிட்டது. 1911இல் இங்கிலாந்தில் லியோனார்ட் நூன் புல் மகரந்தத்தை வைத்துத் தொடங்கிய முறை இது. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும், அபூர்வமாக உடம்பு முழுக்க எதிர்வினை வரலாம் என்பதால். நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையாகவும் உண்டு. மொத்தம் மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும், நிறுத்திய பிறகும் பலன் வருடக்கணக்கில் நிற்கும். என் தும்மல் முழுதாக நிற்கவில்லை. இருபது இப்போது இரண்டு மூன்றாகியிருக்கிறது. இளைப்புக்கான இன்ஹேலரை ஒரு நாளும் விடுவதில்லை. எந்த வைத்தியம் பார்த்தாலும் சரி, ஆஸ்துமா இன்ஹேலரை உங்களாகவே நிறுத்தாதீர்கள். முகம், நாக்கு வீங்கி, மூச்சுத் திணறி, தலை சுற்றினால் வேண்டியது அட்ரினலின் ஊசி, அதுவும் உடனே. அந்த நேரத்தில் மாத்திரையோ கஷாயமோ கொடுத்துப் பார்க்கக் கூடாது.

நான் பொடி வாங்கிக் கொடுத்த இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே தங்கையின் போனில் கூப்பிட்டேன். ஒருவர் நாலாம் நாளே பிடிக்காமல் விட்டிருந்தார். இன்னொருவர் ஆறு மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதும், "இன்னைக்கே குப்பையில போட்டுடறேன்" என்றார் பதறிப்போய். போடாதீர்கள் என்று கத்தினேன். உங்கள் பையிலும் அப்படியொரு பொட்டலம் இருந்து, பல வாரமாகச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்றால், உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். திடீரென்று நிறுத்தாதீர்கள். மிச்சமிருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டு இன்றோ நாளையோ ஒரு டாக்டரிடம் போங்கள். எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். காலை எட்டு மணி கார்டிசால் பார்க்க வேண்டுமா என்று நீங்களாகவே கேளுங்கள். அவர் அப்படித்தான் போனார். அவருக்கும் குறைவாகத்தான் இருந்தது, ஆனால் அவர் விழவில்லை.